ஹைலேண்ட் கேம்ஸுக்கு ஒரு நாள்: முந்தின இரவுச் சமையலறை முதல் மறுநாள் துணி காய்வது வரை

ஸ்காட்லாந்துக்கு வருகிறவர்கள் எடின்பரோ கோட்டை, லாக் நெஸ் ஏரி, ஒரு விஸ்கி ஆலை என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஹைலேண்ட் கேம்ஸ் என்பது பாரம் எறிவது, நடனம், ஓட்டம், பேக்பைப் என்ற துருத்திக் குழல் வாசிப்பு எல்லாம் ஒரே மைதானத்தில் நடக்கும் ஊர் விழா. இங்கேயே குடியிருக்கும் நம்மவர்களிலும் பலர் அதைச் சுற்றுலாப் பயணிகளுக்காகப் போடும் கில்ட் (ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடை) வேஷம் என்றே நினைக்கிறார்கள். பெரிய விழாக்களில் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் மே முதல் செப்டம்பர் வரை ஊருக்கு ஊர் நடக்கும் கேம்ஸ், அந்தந்த ஊர்க்காரர்கள் தங்களுக்காக நடத்திக்கொள்வது. அதற்குப் போய் ஒன்றும் புரியாமல் பர்கர் தின்றுவிட்டுத் திரும்பாமல் இருக்க இரண்டு விஷயங்கள் வேண்டும். எதை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், வீட்டில் முன்கூட்டியே கொஞ்சம் வேலை செய்திருக்க வேண்டும்.

முதல் படி: எந்த ஊர்?

பெயர் பெற்றது பிரேமார். செப்டம்பர் முதல் சனிக்கிழமை நடக்கும். விக்டோரியா மகாராணி 1848இல் வந்ததிலிருந்து அரச குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பு. பால்மோரல் அரண்மனை பக்கத்திலேயே இருக்கிறது. டிக்கெட்டை முன்பே வாங்க வேண்டும், கூட்டமும் அதிகம். அரசர் வந்து உட்கார்ந்ததும் பாதிப் பேர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரைத்தான் படம் எடுப்பார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் பிரேமாரைச் சொல்ல மாட்டேன்.

நடனம்தான் முக்கியம் என்றால் டனூனில் ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் கோவல் கேதரிங். ஹைலேண்ட் நடனத்தின் உலகப் போட்டி அங்கேதான். க்ளாஸ்கோவிலிருந்து ரயிலில் கூரக் வரை போய், படகு ஏறி அக்கரைக்குப் போவதே ஒரு பயணம். பேக்பைப் குழுக்கள் மட்டும் போதும் என்றால் ஆகஸ்டில் க்ளாஸ்கோ கிரீன் பூங்காவில் உலக பைப் பேண்ட் போட்டி. ஃபைஃப் பகுதியில் சீரெஸ் என்ற சின்ன ஊர், 1314இல் ஆங்கிலேயரை வென்ற பானக்பர்ன் போர் முடிந்து திரும்பியவர்கள் தொடங்கிய விளையாட்டு இது என்று சொல்லிக்கொள்கிறது. ஜூன் கடைசிச் சனி, நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஸ்ட்ராத்டான் பள்ளத்தாக்கின் லோனாக் தனி ரகம். ஆகஸ்ட் நான்காம் சனியன்று காலையில் ஊர் ஆண்கள் கில்ட் கட்டி, ஈட்டியும் கோடரியும் தோளில் சாய்த்து, ஆறு மைல் ஊர்வலம் போவார்கள். வழியில் வீடு வீடாக நின்று ஆளுக்கு ஒரு மடக்கு விஸ்கி. அதற்கு மேல் நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளக் குதிரை வண்டி ஒன்றும் பின்னாலேயே வரும்!

குடும்பத்தோடு போக என் தேர்வு அபாயின். அபர்டீனுக்கு மேற்கே, டீ ஆற்றங்கரையில், ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருக்கும் ஊர். 1867இல் தொடங்கிய கேம்ஸ், ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, ஊர் நடுவில் இருக்கும் பச்சை மைதானத்தில். எல்லாப் போட்டிகளும் இருக்கும், ஆனால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சில நிமிடங்களில் நடந்துவிடலாம். இனிச் சொல்வதெல்லாம் அபாயினை மனதில் வைத்துத்தான், பெரும்பாலும் மற்ற ஊர்களுக்கும் பொருந்தும்.

முந்தின நாள் வீட்டில்

முதலில் டாப்லெட். பட்டர், சர்க்கரை, பால் சேர்த்துச் செய்யும் ஸ்காட்லாந்து இனிப்பு. மைதானத்தில் சின்னப் பொட்டலமாக விற்பார்கள். வீட்டில் செய்தால் ஒரு தட்டு நிறையக் கிடைக்கும், ஒரு வாரம் தாங்கும்.

ஒரு கிலோ சர்க்கரை, 250 மில்லி பால், 125 கிராம் பட்டர், 397 கிராம் கண்டென்ஸ்டு மில்க் டின் ஒன்று. பாத்திரம் பெரிதாக இருக்கட்டும், கலவை பொங்கி மேலே வரும். பட்டர், பால், சர்க்கரை மூன்றையும் மெல்லிய தீயில் வைத்து, கரண்டியில் நறநறப்பு தட்டாத வரை கரைக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கடைசியில் மணல் மணலாக வரும். அப்புறம் கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். இருபது நிமிடம் போல ஆகும். வெளிர் மஞ்சள் மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்குத் திரும்பும். வெப்பமானி இருந்தால் 115 முதல் 118 டிகிரி. இல்லாவிட்டால் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விடுங்கள், விரலால் உருட்டினால் மெத்தென்று உருண்டையாக வர வேண்டும். பாகு பதம் பார்த்துப் பழகிய கைக்கு இது புதிதில்லை. இறக்கிய பிறகுதான் உண்மையான வேலை: மரக்கரண்டியால் ஐந்து முதல் பத்து நிமிடம் விடாமல் அடிக்க வேண்டும். பளபளப்பு மங்கி, கரண்டி கனக்கத் தொடங்கும்போது பட்டர் தடவிய தட்டில் கொட்டி, இறுகும் முன் கத்தியால் கோடு போட்டுவிடுங்கள்.

துணி விஷயத்தில் ஆகஸ்ட் என்ற பெயரை நம்பாதீர்கள். டீ ஆற்றை ஒட்டிய இந்த டீசைடு பகுதியில் பகல் 18, 19 டிகிரி இருக்கும், மேகம் மறைத்தால் கை சில்லிட்டுவிடும். பனியன், மெல்லிய ஸ்வெட்டர், அதன் மேல் நீர் புகாத ஜாக்கெட் என்று அடுக்காகப் போடுங்கள். குடை வேண்டாம், காற்றில் திரும்பிக்கொள்ளும், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் மறைக்கும். குழந்தைகளுக்கு ரப்பர் பூட்ஸ். மேகமூட்டமாக இருந்தாலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள், நாள் முழுக்க வெட்டவெளியில் உட்காரப் போகிறோம். மடக்கு நாற்காலி, ஒரு கம்பளி, தரையில் விரிக்க அடியில் ரப்பர் வைத்த விரிப்பு. கொஞ்சம் ரொக்கம் அவசியம், சின்ன ஊர்களில் எல்லாக் கடையிலும் கார்டு எடுப்பதில்லை.

மிட்ஜ் என்ற குட்டிக் கொசுவுக்கு ஸ்மிட்ஜ் என்ற தெளிப்பான் இங்கே எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும். காற்று வீசினால் மிட்ஜ் பறக்காது. காற்று நின்ற மாலையில், ஆற்றோரமாக, கூட்டமாக வரும்.

காலையில்

ஓட்ஸ் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஓட்ஸ், தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். சர்க்கரை போட்டால் பழைய தலைமுறை ஆட்கள் முகம் சுளிப்பார்கள். போடுங்கள், அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை.

அபர்டீனிலிருந்து 201 பேருந்து பேங்கரி வழியாக அபாயின் போகிறது, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2022 ஜனவரியிலிருந்து பேருந்து இலவசம், ஆனால் அதற்கான அட்டையை முன்பே வாங்கியிருக்க வேண்டும். காரில் போனால் சீக்கிரம் போங்கள். வண்டி நிறுத்துவது புல்வெளியில். மழை பெய்த நாளில் தாமதமாக வருகிறவர்களின் சக்கரம் சேற்றில் சுற்றுவதைப் பார்க்கலாம்.

காரில் போகிறவர்கள் வழியில் சற்று விலகிப் பொட்டார்க் பாலத்தில் நிறுத்துங்கள். டொனால்டு டின்னி, 1837இல் இந்தப் பக்கத்தில் பிறந்த பலசாலி, 1860இல் இரண்டு கருங்கற்களைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு இந்தப் பாலத்தின் அகலத்தைக் கடந்தார் என்பது வரலாறு. இரண்டும் சேர்ந்து 733 பவுண்டு, அதாவது 332 கிலோ. கற்கள் இன்னும் அங்கே இருக்கின்றன, மேலே இரும்பு வளையத்தோடு. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து தூக்கிப் பார்க்கிறார்கள். அந்தக் கற்களைப் பார்த்துவிட்டுப் போனால் மைதானத்தில் நடப்பது வேறு மாதிரி தெரியும்.

எங்கே உட்காருவது

மைதானம் ஒரு வட்டம். நடுவில் மரம், சுத்தியல், எடை எறியும் பாரப் போட்டிகள், சுற்றி ஓட்டப் பாதை, ஒரு பக்கம் நடன மேடை, ஒதுக்குப்புறமாகத் தனி பைப் போட்டிக்கு ஒரு சின்ன மேடை. நடன மேடைக்கு எதிரில் இடம் பிடிக்கத்தான் எல்லோரும் ஓடுவார்கள். நீங்கள் பாரப் போட்டிக்கு அருகில், பக்கவாட்டில் உட்காருங்கள். நடனம் நாள் முழுக்க நடக்கும், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்ப் பார்க்கலாம். வாசலில் விற்கும் நிகழ்ச்சி நிரல் புத்தகத்தை வாங்கிவிடுங்கள். போட்டியாளர் எண்ணும் பெயரும் அதில்தான் இருக்கும். அது இல்லாமல் உட்கார்ந்தால் ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் நான்கு நடக்கும், எதையும் பார்த்த மாதிரி இருக்காது.

பாரப் போட்டிகள்: எதைப் பார்ப்பது

கேபர் என்பது கிளை சீவிய முழு மரத்தண்டு. பிரேமாரில் உள்ளது 19 அடி 9 அங்குல நீளம், 60 கிலோ எடை. இதை யார் அதிக தூரம் எறிகிறார் என்பதுதான் போட்டி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தூரத்துக்கு இங்கே மதிப்பே கிடையாது.

கவனமாகப் பாருங்கள். உதவியாளர்கள் மரத்தை நிமிர்த்தி வைப்பார்கள், மெல்லிய முனை கீழே, தடித்த முனை வானத்தில். வீரர் குனிந்து மரத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, விரல்களைக் கோத்த கையை மெல்லக் கீழே இறக்கி, அடி முனையை உள்ளங்கையில் ஏந்தி எழுவார். அந்த நொடியில் மரம் ஆடும். அவர் நிலை தேடி இப்படியும் அப்படியும் அடி வைப்பார். கூட்டம் அமைதியாகிவிடும். பிறகு ஓட்டம், சட்டென்று ஒரு நிறுத்தம், கையை மேலே இழுத்து ஒரு வீச்சு. தடித்த முனை தரையில் குத்தி, மெல்லிய முனை அதன் மேலே ஏறிப் புரண்டு அந்தப் பக்கம் விழ வேண்டும். நடுவர் அவருக்குப் பின்னாலேயே ஓடுவார், காரணம் மதிப்பெண் அந்தக் கோணத்தில் இருக்கிறது. ஓடிய திசையில் நேராக விழுந்தால் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி, அதுதான் முழுமை. சற்று சாய்ந்தால் பதினொன்று, ஒன்று என்று குறைந்துகொண்டே போகும். புரளாமல் திரும்பி விழுந்தால் எவ்வளவு கோணம் வரை எழுந்தது என்று பக்கவாட்டிலிருந்து பார்ப்பார்கள். யாராலும் புரட்ட முடியாவிட்டால் ரம்பத்தை எடுத்து மரத்தில் ஒரு துண்டு அறுத்துவிடும் வழக்கமும் உண்டு.

சுத்தியல் எறிவதில் வீரரின் காலைப் பாருங்கள். ஒலிம்பிக்கில் போலச் சுழன்று நகர மாட்டார்கள். பூட்ஸ் முனையில் நீண்ட இரும்புத் தகடு இருக்கும், அதைத் தரையில் குத்தி ஊன்றி, எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, கம்பின் முனையில் இருக்கும் 16 அல்லது 22 பவுண்டு குண்டைத் தலைக்கு மேல் சுற்றி விடுவார்கள். கம்பை விட்ட பிறகு அந்தத் தகடுதான் அவரைக் கீழே விழாமல் பிடித்திருக்கும்.

எனக்குப் பிடித்தது உயரத்துக்கு எடை வீசுவது. 56 பவுண்டு, அதாவது இருபத்தைந்து கிலோவுக்கு மேல். வளையத்தை ஒரே கையால் பிடித்து, குறுக்குக் கம்பிக்கு அடியில் முதுகைத் திருப்பி நின்று, கால்களுக்கு நடுவே ஆட்டி, தலைக்கு மேலே பின்பக்கமாக வீச வேண்டும். மூன்று தடவை தவறினால் வெளியே. கம்பி 15 அடியைத் தாண்டும்போது, எடை நேராக அவர் தலைக்கே திரும்பி வருமோ என்று பார்க்கிறவர்களுக்குத்தான் பயம். வீரர் வீசியதும் நிதானமாக ஓர் அடி நகர்ந்துகொள்வார்.

நடனமும் பைப்பும்

ஹைலேண்ட் ஃபிளிங் ஆடுகிறவர் நின்ற இடத்தை விட்டு நகராமல் ஆட வேண்டும். பாதம் வேறெங்கோ போகிறதா என்று பாருங்கள். வாள் நடனத்தில் தரையில் குறுக்காக வைத்த இரண்டு வாள்களின் மேல் துள்ளுவார்கள். கால் பட்டு வாள் இடம் மாறினால் ஆட்டம் போச்சு. ஐந்தாறு வயதுக் குழந்தைகள் முதுகில் எண் குத்திக்கொண்டு, எச்சில் விழுங்கி வரிசையில் நிற்பதைப் பார்க்கவே போகலாம். படம் எடுப்பதற்கு முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சில நடனங்களில் பெண்கள் கில்ட்டுக்குப் பதில் வெள்ளை உடையும் டார்டன் என்ற கட்டம் போட்ட துணியும் அணிந்திருப்பார்கள். அதற்கு அபாயின் உடை என்றே பெயர். 1950களில் அபாயின் விழாக் குழு, பெண்கள் ஆண்களின் கில்ட் உடையில் ஆடக் கூடாது என்று தடுத்ததால் பிறந்தது. தடை போட்ட ஊரின் பெயரே உடைக்கு ஒட்டிக்கொண்டது. கில்ட்டுக்கும் தடைக்கும் பழைய உறவுதான். 1746இல் கல்லோடன் போரில் ஹைலேண்டர்கள் தோற்றதும், அங்கே ஆண்கள் கில்ட்டும் டார்டனும் அணிவதையே லண்டன் அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. 1782இல்தான் நீக்கினார்கள்.

தனி பைப் போட்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நம் காதுக்கு அதுதான் பழக்கமானது என்பேன். பேக்பைப்பில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று குழல்களும் ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருக்கும், நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி. ராகம் வாசிக்கும் குழலில் ஒன்பதே சுரங்கள். பீப்ராக் என்ற பழைய வகையில் முதலில் அடிப்படை மெட்டை நிதானமாக வாசித்து, பிறகு சுற்றுக்குச் சுற்று அணி சேர்த்து விரித்துக்கொண்டே போய், கடைசியில் தொடங்கிய மெட்டுக்கே திரும்புவார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். வாசிக்கிறவர் அதற்குள் மெல்ல நடந்துகொண்டிருப்பார். நடுவருக்கும் அவருக்கும் குறுக்கே போகாதீர்கள், முடியும் வரை கை தட்டவும் வேண்டாம். பிற்பகலில் எல்லாக் குழுக்களும் சேர்ந்து அணிவகுக்கும்போது பேச்சே கேட்காது, சின்னக் குழந்தை இருந்தால் காதை மூடிக்கொள்ள ஏதாவது வைத்திருங்கள்.

ஓட்டப் பந்தயத்தில் திறமைக்கேற்ப ஆளுக்கு ஆள் தொடங்கும் இடம் மாறும். வேகமானவர் எல்லோருக்கும் பின்னால் நிற்பார். இது தெரியாமல் பார்த்தால் அநியாயமாகத் தோன்றும். குழந்தைகளுக்கான ஓட்டத்தில் பெரும்பாலும் வந்தவர் யாரும் சேரலாம், ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருங்கள். கயிறு இழுப்பதில் பக்கத்துக்கு எட்டுப் பேர்.

சாப்பாடு

மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஸ்டோவீஸ் என்ற உருளைக்கிழங்குக் குழம்பிலும் பிரைடி என்ற மடித்த பேஸ்ட்ரியிலும் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். ஸ்காட்ச் பை என்ற இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியில் ஆடும் இருக்கலாம், மாடும் இருக்கலாம், கேட்டுவிடுங்கள். சிப்ஸைக்கூடச் சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். ஹாகிஸ் ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்துச் செய்வது. நம்மூரில் குடல், ஈரல் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, மிளகுக் காரத்தோடு நன்றாகவே இருக்கும். சைவ ஹாகிஸும் உண்டு. மக்ரோனி பை என்ற விசித்திரமும் பெரும்பாலும் சைவம்தான்: மாவுக் கிண்ணத்துக்குள் சீஸ் மக்ரோனி. நாங்கள் எலுமிச்சைச் சாதமும் உருளை வறுவலும் கட்டிக்கொண்டு போய்விடுவோம், யாரும் தடுப்பதில்லை.

தேநீர்க் கூடாரம் என்று ஒன்று இருக்கும், ஊர்ப் பெண்கள் வீட்டில் சுட்ட கேக்குகளோடு. அங்கே தேநீர் குடியுங்கள். அபாயினுக்குத் தென்கிழக்கே, மலைக்கு அந்தப் பக்கம் கின்கார்டின்ஷயரில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர்தான் 1867இல், அபாயின் கேம்ஸ் தொடங்கிய அதே ஆண்டில், இலங்கை லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக்கினார். அதைக் கிள்ளிச் சுமந்தவர்கள் நம் மலையகத் தமிழர்கள்.

கில்ட் கட்டிக்கொண்டு போகலாமா

தாராளமாக. எந்த டார்டனை யார் அணியலாம் என்று சட்டம் எதுவும் இல்லை. மடிப்புகள் பின்னால், தட்டையான பகுதி முன்னால், விளிம்பு முழங்காலின் நடுவில். கில்ட்டில் குத்தும் ஊசியை, முன்பக்கம் ஒன்றன் மேல் ஒன்றாக வரும் இரண்டு துணிகளில் மேல் துணியில் மட்டும் குத்துங்கள், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது கிழியும். ஜீன்ஸில் போனாலும் யாரும் ஏதும் நினைக்க மாட்டார்கள்.

திரும்பி வந்த பிறகு

முதலில் உண்ணி. டீசைடின் புதர்ச் செடிகளில் அது நிறைய. குழந்தைகளைக் குளிப்பாட்டும்போதே முழங்கால் பின்புறம், அக்குள், இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் விற்கும் சின்னக் கொக்கியால், இல்லாவிட்டால் கூர்முனை இடுக்கியால், தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக எடுங்கள். அடுத்த வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் காட்ட வேண்டும், லைம் நோயாக இருக்கலாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முந்தின நாளே ஒரு பாத்திரம் ஸ்காட்ச் பிராத் வைத்துவிடுவது இந்த ஊர் வழக்கம். பார்லி, காரட், லீக், டர்னிப், ஆட்டு எலும்பு. மறுநாள் சுட வைத்தால் இன்னும் ருசி கூடும். களைத்து வந்தவர்கள் அடுப்பைப் பற்றவைத்தால் போதும். ஆகஸ்ட் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், குழந்தைகளைத் தூங்க வைக்க ஜன்னல் திரையை இழுத்து மூட வேண்டும்.

சேறு பட்ட துணியை அன்றே தேய்க்காதீர்கள். காயவிட்டால் தூரிகையால் தட்டினாலே பாதி உதிரும். இங்கே பழைய வீடுகளின் சமையலறையில் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் மரச் சட்டம் ஒன்று இருக்கும், புல்லி என்பார்கள். கீழே இறக்கித் துணியைப் போட்டு மேலே ஏற்றிவிட்டால், மழை ஓயாத ஊரில்கூட அடுப்புச் சூட்டில் காலைக்குள் காய்ந்துவிடும். குழம்பு தாளிக்கிற அன்று மட்டும் வேண்டாம், மறுநாள் ஆபீஸ் சட்டை கறிவேப்பிலை மணக்கும்.

கம்பளி கில்ட்டைத் துவைக்கக் கூடாது. சேறு உலர்ந்ததும் தூரிகை போட்டு, இடுப்புப் பட்டையில் கிளிப் மாட்டிக் காற்றில் தொங்கவிடுங்கள். ஊருக்கு எடுத்துப் போவதாக இருந்தால், மடிப்புகளை நேராக்கி நீளவாக்கில் சுருட்டி, பழைய நைலான் காலுறை ஒன்றுக்குள் நுழைத்து வைத்தால் பெட்டியில் கசங்காது. மடக்கு நாற்காலிகளை மட்டும் கார் டிக்கியிலிருந்து இறக்க வேண்டாம். ஆகஸ்ட் இரண்டாம் வியாழன், அதே சாலையில் இன்னும் சற்று மேலே, பாலட்டரில் கேம்ஸ் இருக்கிறது.